வலிப்பு வரும் பிள்ளையோடு நெடுந்தீவிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு

என் இளைய மகனுக்கு நாலு வயதில் வலிப்பு வந்தது. காய்ச்சல் இல்லை, எங்கும் விழவும் இல்லை. முற்றத்தில் விளையாடிக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தான். அன்றிலிருந்து இரண்டு வருடமாக நெடுந்தீவுக்கும் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கும் (யாழ் போதனா வைத்தியசாலை) நடுவில் எத்தனை தரம் கடல் கடந்தோம் என்று எண்ணி வைக்கவில்லை. ஆனால் முதல் ஆறு பயணத்தில் மூன்று வீண் என்பது நல்ல ஞாபகம். ஒரு நாள் கடிதம் இல்லாமல் போனோம். ஒரு நாள் போயா விடுமுறை. ஒரு நாள் கிளினிக் கொப்பியை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, குறிகட்டுவான் துறையில் இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது.

தீவுகளிலிருந்தோ வன்னியின் உட்கிராமங்களிலிருந்தோ முதல் தடவையாகப் பிள்ளையைக் குழந்தை வைத்திய நிபுணரிடம் கொண்டுபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்து பற்றி இதில் வருவதெல்லாம் எங்களுக்குக் கிளினிக்கில் சொல்லித் தந்தவை. உங்கள் பிள்ளைக்கு உங்கள் டொக்டர் சொல்வதுதான் கணக்கு.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பக்கம் இருப்பவர்கள் முதலில் உங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலையில் விசாரியுங்கள். அங்கே குழந்தை வைத்திய நிபுணர் இருந்தால் யாழ்ப்பாணம் வரை அலையத் தேவையில்லை. வேண்டுமென்றால் அவரே அனுப்புவார்.

1. வலிப்பு வரும்போது: முதலில் மணி, பிறகு போன்

பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவிடுங்கள். கழுத்துப் பட்டனைக் கழற்றுங்கள். பக்கத்தில் கல்லோ கதிரையோ இருந்தால் தள்ளி வையுங்கள். வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது: கரண்டி, துணி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டில் முதல் நாள் ஆளாளுக்கு ஓடித் திறப்புக்கோர்வையைக் கையில் திணித்தார்கள். இரும்பைப் பிடித்தால் நிற்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அது தானாக நின்றது, திறப்பால் அல்ல. பிள்ளையின் உள்ளங்கையில் சிராய்ப்புத்தான் மிச்சம்.

தொடங்கும்போதே மணியைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது ஒன்று நின்று பிள்ளை தெளியுமுன் அடுத்தது வந்தால், அது அவசரம். முதல் தடவையாக வந்தது என்றால் எத்தனை நிமிடம் என்ற கணக்கே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மணி பார்க்காவிட்டால் ஒன்றரை நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். நான் முதல் நாள் ‘பதினைஞ்சு நிமிசம் இருக்கும்’ என்று சொல்லி, அதை டொக்டர் எழுதி, பிறகு அதைத் திருத்துவதே பெரிய வேலையாகிவிட்டது.

நெடுந்தீவில் இருப்பவர்கள் இதை மறக்காதீர்கள்: பதற்றத்தில் நேரே துறைக்கு ஓடிப் படகு பேசாதீர்கள். பிரதேச வைத்தியசாலைக்குப் போங்கள். அவர்கள் முதல் மருந்தைக் கொடுத்து, போன் பண்ணி, படகையும் அந்தப் பக்கம் அம்புலன்ஸையும் ஒழுங்குபண்ணுவார்கள். கடல் மோசமாக இருந்தால் கடற்படைப் படகிலும் அனுப்புவார்கள். 1990 இலவச அம்புலன்ஸ் நல்ல சேவைதான், ஆனால் அது கடலைக் கடந்து வராது. குடாநாட்டுக்குள் நிற்கும்போது வலிப்பு வந்தால் அந்த இலக்கத்தை அடியுங்கள்.

பிள்ளையைச் சரித்துப் படுக்கவைத்து, ஆபத்து இல்லை என்று கண்ட பிறகு, வேறொருவர் போனை எடுத்து வீடியோ பிடிக்கட்டும். முகம், இரண்டு கை, இரண்டு கால், எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும். ‘பிள்ளை துடிக்குது, நீங்கள் படம் எடுக்கிறியளோ’ என்று யாராவது ஏசுவார்கள். ஏசட்டும். அந்த வீடியோ என்ன வேலை செய்தது என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

காய்ச்சலோடு வரும் வலிப்பு வேறு. 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு அது பரவலாக வருவது. அநேகமாக நீண்டகால மருந்து தேவைப்படாது. ஆனாலும் அது எது என்று முடிவெடுப்பது உங்கள் வேலை இல்லை, பக்கத்து வீட்டு அக்காவின் வேலையும் இல்லை.

2. கடிதம் வாங்குங்கள்

பெரியாஸ்பத்திரிக் குழந்தைகள் கிளினிக்குக்கு முதல் தடவை போகும்போது கையில் ஒரு கடிதம் இருக்க வேண்டும். உங்கள் ஊர் ஆஸ்பத்திரி டொக்டர் எழுதித் தருவார். காசு இல்லை. கடிதம் இல்லாமலும் போகலாம். ஆனால் ஒ.பி.டி (வெளிநோயாளர்) வரிசையில் நின்று, அங்கிருக்கும் டொக்டர் பார்த்து, அவர் ஒரு துண்டு எழுதி, அதற்குள் அன்றைய கிளினிக் நம்பர் முடிந்துவிடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. பின்னேரப் படகுக்குத் திரும்பி ஓடினோம்.

கடிதத்தில் மூன்று விடயம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்: எந்தக் கிளினிக்குக்கு, எத்தனை தரம் வலிப்பு வந்தது, இதுவரை என்ன மருந்து கொடுத்தார்கள். கிளினிக் எந்தக் கிழமை நடக்கிறது என்பதையும் அங்கேயே கேளுங்கள். முடிந்தால் அவர்களையே போன் பண்ணிக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ‘மிஸ், எந்த நாள் போனால் பார்ப்பினம்?’ என்று கேட்க வெட்கப்பட்டு ஒரு பயணத்தைத் தொலைத்தவள் நான்.

பிள்ளையை வாட்டில் வைத்திருந்து, வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டியிருந்தால், என்ன வருத்தம் என்று எழுதிய டயக்னோசிஸ் காட் தருவார்கள். அது இந்தக் கடிதத்தைவிடப் பெறுமதியானது. அதைக் கேட்காமல் வாட்டைவிட்டு வெளிக்கிடாதீர்கள்.

3. ஒரு பிளாஸ்டிக் பைல்

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் எங்கள் அலைச்சலில் பாதி இதில்தான்.

நிபுணர்கள் மாறுவார்கள். இடமாற்றம் வரும், வெளிநாட்டுப் பயிற்சி வரும், கீழே வேலை செய்யும் டொக்டர்மார் சில மாதத்துக்கு ஒரு தரம் மாறுவார்கள். இரண்டு வருடத்தில் என் மகனைப் பார்த்த டொக்டர்மாரின் எண்ணிக்கை பத்தைத் தாண்டும். அவன் கதை முழுவதும் தெரிந்த ஒரே இடம் என் கையில் இருக்கும் பைல்தான். ‘எல்லாம் கொம்பியூட்டரில் இருக்கும்தானே’ என்று நினைக்காதீர்கள்.

முதலாவது, பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு. தடுப்பூசி போடும்போது மிட்வைஃப் எழுதித் தரும் காட். பெடியனுக்கு நீலம், பெட்டைக்கு ரோஸ். தடுப்பூசி முடிந்ததும் பலர் அதை எங்காவது போட்டுவிடுகிறார்கள். நிபுணர் முதலில் கேட்டது அதைத்தான். பிறந்த நிறை என்ன, பிறந்ததும் அழுததா, நிறைக்கோடு எப்படி ஏறியிருக்கிறது, எந்த மாதம் கழுத்து நின்றது என்று விரலை வைத்துக்கொண்டே போனார். தொலைந்துவிட்டால் உங்கள் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். அவரிடம் இருக்கும் பதிவிலிருந்து எழுதி எடுக்க முடிந்ததை எடுக்கலாம்.

பிறகு பிறப்புச் சான்றிதழின் போட்டோக் கொப்பி, தாய் அல்லது தகப்பனின் அடையாள அட்டை, கடிதம், பழைய துண்டுகள், இரத்த றிப்போட்டுகள். தற்சமயம் கொடுக்கும் மருந்துப் போத்தலையும் கொண்டுபோங்கள். ‘வெள்ளைப் பாணி, ஆரஞ்சு மணக்கும்’ என்று சொல்வதைவிட லேபலைக் காட்டுவது சுலபம்.

இதோடு ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்கி அதை வலிப்புக் கொப்பி ஆக்குங்கள். திகதி, மணி, எத்தனை நிமிடம், நித்திரையிலா முழிப்பிலா, காய்ச்சல் இருந்ததா, அன்று மருந்து தவறியதா, முடிந்த பிறகு எவ்வளவு நேரம் படுத்தான். ஒரு வரி போதும். என் கொப்பியில் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு டொக்டர், ‘அம்மா, இவனுக்கு எல்லாம் விடியப்புறம் நாலுக்கும் ஆறுக்கும் இடையிலதான் வருது, கவனிச்சனீங்களோ?’ என்று கேட்டார். நான்தான் ஒவ்வொரு வரியையும் எழுதினேன். கவனிக்கவில்லை.

பைல் மூடுகிற வகையாக இருக்கட்டும். முதல் பயணத்தில் கடிதத்தைத் துணிப்பைக்குள் வைத்திருந்தேன். சோளகக் காற்று வீசும் காலம், படகு எகிற எகிற உப்புத்தண்ணீர் அடித்தது. கிளினிக்கில் பிரித்தபோது டொக்டரின் கையெழுத்து நீலக் கறையாக இருந்தது. எந்த டொக்டரின் கையெழுத்தும் அப்படித்தான் என்று என் கணவர் பகிடி விட்டார். மேசையில் இருந்தவர் சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரு தரம் போனில் படம் எடுத்தும் வையுங்கள்.

4. நாள், கடல், பஸ்

நாளைப் பார்க்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, போயாவும் அரச விடுமுறையும். அன்று கிளினிக் இல்லை. கொப்பியில் திகதி எழுதித் தரும்போதே கலண்டரைப் பார்த்துக் கேளுங்கள், எழுதுகிறவரும் மனிசர்தான். இரண்டு, பணிப்பகிஷ்கரிப்பு. முதல்நாள் இரவுச் செய்தியைக் கேட்டுவிட்டுப் படுங்கள். மூன்று, காற்று. சோளகத்திலும் மாரியிலும் படகு ஓடுமா என்பது விடிந்தால்தான் தெரியும். எனவே அந்த மாதங்களில் கிளினிக்குக்கு முதல்நாளே யாழ்ப்பாணம் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கப் பாருங்கள்.

குமுதினியிலோ வேறு படகிலோ குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணை வழியாக யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பஸ் நிலையத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம். முதல் படகில் வந்தாலும் கிளினிக் வாசலில் நிற்கும்போது வெயில் ஏறிவிடும். பட்டணப் பக்கத்து ஆட்கள் அதற்குள் நம்பர் எடுத்து உட்கார்ந்திருப்பார்கள். நம்பர் கொடுப்பவரிடம் ‘நெடுந்தீவிலிருந்து வாறம், பின்னேரப் படகுக்குப் போகவேணும்’ என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் முன்னுக்கு விடுவார்கள். ஒரு தரம் விடவில்லை, சண்டை பிடித்தும் பிரயோசனம் இருக்கவில்லை.

பஸ் போய்விட்டால் குறிகட்டுவானிலிருந்து ஓட்டோ பிடிக்கலாம். ஒரு நாள் கூலி அதோடு சரி.

5. கிளினிக் காலை

நிறை பார்ப்பார்கள். அந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதினார்களா என்று பாருங்கள், மருந்தின் அளவு அதிலிருந்துதான் கணக்குப் பார்க்கப்படும்.

பிறகு யார் பார்ப்பார் என்பதில் ஒரு குழப்பம் வரும். நிபுணரைப் பார்க்க வந்தோம், வேறு யாரோ சின்ன வயது டொக்டர் பார்க்கிறாரே என்று பலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். நானும் சுளித்தவள்தான். உள்ளே ஒரு ஏணி இருக்கிறது. கீழே ஹவுஸ் ஒபிசர், மருத்துவபீடத்தில் ஐந்து வருடம் படித்து முடித்து ஒரு வருடப் பயிற்சியில் இருப்பவர். அதற்கு மேல் ஏற்கெனவே சில வருடம் வேலை செய்த டொக்டர்மார். அதற்கு மேல் றெஜிஸ்ட்ரார்: கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வைக்கும் போட்டிப் பரீட்சையில் தெரிவாகிக் குழந்தை மருத்துவத்தில் பயிற்சி எடுப்பவர். அதையும் முடித்தால் சீனியர் றெஜிஸ்ட்ரார், வெளிநாட்டுப் பயிற்சி, அதன் பிறகே நிபுணர். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு வருடத்துக்குக் குறையாது. அப்படி வந்த ஒருவரைத் தீவில் கொண்டுபோய் நிரந்தரமாக வைக்க முடியாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. கோபம் இருக்கிறது, அது வேறு கதை.

ஆக, றெஜிஸ்ட்ரார் பார்த்தால் நல்லது என்றே எடுங்கள். கேள்வி அதிகம் கேட்பார், நேரமும் கூடத் தருவார். புதுப் பிள்ளை என்றால், அல்லது மருந்துக்கு வலிப்புக் கேட்கவில்லை என்றால், அவரே நிபுணரிடம் கூட்டிக்கொண்டு போவார்.

நிபுணரோடு எங்களுக்குக் கிடைத்த முதல் சந்திப்பு பத்து நிமிடம் இருக்கும். அவர் மகனைப் பார்த்து, ‘தம்பி, உங்கட ஊரில குதிரை நிக்குதாமே, உண்மையோ?’ என்று கேட்டார். அதுவரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், ‘ஓம், நிறைய. ஒண்டுக்குக் கால் ஏலாது’ என்றான். எந்தக் கால் என்று கேட்டார். காட்டினான். அப்படியே அவனை நடக்கவிட்டு, ஒற்றைக்காலில் நிற்கவைத்து, மூக்கையும் அவர் விரலையும் மாறிமாறித் தொடவைத்து, பரிசோதனை முடிந்துவிட்டது. அவன் குதிரை பற்றிக் கதைத்துக்கொண்டேயிருந்தான்.

பிறகு என்னிடம் திரும்பினார். தொடங்கும்போது கண் எந்தப் பக்கம் போனது, முதலில் எந்தக் கை, கூப்பிட்டால் பார்த்தானா, சிறுநீர் போனதா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ‘பயந்திட்டன் டொக்டர்’ என்றேன். அடுத்த தடவை வீடியோவோடு போனேன். நாற்பது செக்கன் படம். சத்தத்தை நிறுத்திவிட்டு மூன்று தரம் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி, ‘இந்த வாய்க் கோணலைப் பாருங்கோ’ என்று பக்கத்தில் நின்ற டொக்டருக்குக் காட்டினார். பத்து நிமிடம் நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதைவிட அந்த நாற்பது செக்கன் அவருக்குப் போதுமாக இருந்தது.

போகுமுன் இவற்றுக்குப் பதில் தயார் பண்ணி வையுங்கள்: மாதம் நிறைந்து பிறந்ததா, பிறந்ததும் அழுததா, எப்போது உட்கார்ந்தது, நடந்தது, கதைத்தது, இரண்டு பக்கக் குடும்பத்திலும் யாருக்காவது வலிப்பு இருந்ததா. கடைசிக் கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டாம். புகுந்த வீட்டார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று மறைப்பதைக் கண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்க வேண்டியதைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் மறந்துவிடும்.

6. ஈ.ஈ.ஜி: பிள்ளையைத் தூங்கவிடாமல் கொண்டுபோவது

மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் பரிசோதனை இது. நோகாது, ஊசி இல்லை. தலையில் சின்னச் சின்ன வயர்களை ஒட்டுவார்கள். அதனால் முதல்நாள் தலையை ஷாம்பூ போட்டு முழுகவார்த்து, எண்ணெய் வைக்காமல் கொண்டுபோக வேண்டும். காலையில் தலைசீவும்போது கை தானாக எண்ணெய்ப் போத்தலுக்குப் போகும், கவனம்.

பலருக்கும் ‘நித்திரை குறைத்துக் கொண்டுவாங்கோ’ என்று சொல்வார்கள். இரவு பிந்திப் படுக்கவைத்து, விடியமுன் எழுப்பிவிட வேண்டும். பரிசோதனை மேசையில் பிள்ளை அயர்ந்து தூங்கினால்தான் பதிவு நன்றாக வரும். கேட்கச் சுலபமாக இருந்தது. இரவு பன்னிரண்டு மணி வரை அவனோடு தாயம் விளையாடினோம், விடியப்புறம் மூன்றரைக்கு எழுப்பினோம். எல்லாம் சரி. படகு வெளிக்கிட்டது, ஆட்டத்தில் சொக்கிப்போய்த் தூங்கிவிட்டான். பஸ்ஸிலும் தூங்கினான். அங்கே மேசையில் ஏற்றியதும் பூவாய் முழித்துக்கொண்டு வயரை எண்ணத் தொடங்கினான். வேறொரு திகதி தந்தார்கள்.

இரண்டாம் தடவை முதல்நாளே வந்து யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் சித்தி வீட்டில் தங்கினோம். தீவிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தங்க இடம் இல்லை என்றால் திகதி எடுக்கும்போதே அதைச் சொல்லுங்கள்.

வழமையான மருந்தை அன்று நிறுத்தச் சொல்லாவிட்டால் நிறுத்தாதீர்கள். சாப்பாடும் கொடுக்கலாம். றிப்போட் நோர்மல் என்று வந்தால் ‘அப்ப வலிப்பு இல்லையாம்’ என்று மருந்தை விட்டுவிடாதீர்கள். வலிப்பு உள்ள பிள்ளைக்கும் ஈ.ஈ.ஜி நோர்மலாக வரலாம், அதற்காகத்தான் வீடியோவும் கொப்பியும்.

7. மருந்து

எங்கள் மகனுக்கு எழுதியது சோடியம் வல்புரோவேற் பாணி. உங்கள் பிள்ளைக்கு வேறாக இருக்கலாம். ஆனால் பொறிகள் ஒன்றுதான்.

கரண்டியால் அளக்காதீர்கள். ஊசி இல்லாத சிறிஞ் ஒன்று வாங்கி அதில் மில்லிலீற்றர் கோட்டைப் பார்த்துக் கொடுங்கள். நான் ஒரு மாதம் அம்மாவைப் பார்க்க மன்னாருக்குப் போயிருந்தபோது மாமி தேக்கரண்டியால் கொடுத்திருக்கிறா. எங்கள் வீட்டில் மூன்று அளவில் தேக்கரண்டி இருக்கிறது.

மில்லிலீற்றரை மட்டும் மனப்பாடம் பண்ணவும் கூடாது. போத்தலில் ‘5 மில்லிலீற்றரில் 200 மில்லிகிராம்’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். வேறு கொம்பனிப் போத்தல் வந்தால் அந்த வரி மாறியிருக்கிறதா என்று பார்மசியிலேயே பாருங்கள். மாறியிருந்தால் அங்கேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஒரு நாளும் சடாரென்று நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னையதைவிட மோசமாகத் திரும்பி வரலாம். நூல் கட்டுவதோ, நேர்த்தி வைப்பதோ, திருநீறு போடுவதோ உங்கள் விருப்பம். நாங்களும் செய்தோம். பாணியும் கொடுத்தோம்.

தீவுக்காரருக்கு இதில் தனிப் பிரச்சினை ஒன்று உண்டு. கிளினிக்கில் ஒரு மாத மருந்து எழுதுவார்கள். கார்த்திகை, மார்கழியில் படகு நின்றால் அந்தக் கணக்குப் பிசகும். ஐப்பசிக் கிளினிக்கிலேயே வாயைத் திறந்து ‘மாரிக்கு இரண்டு மாதம் எழுதித் தாங்கோ’ என்று கேளுங்கள். எங்களுக்கு எழுதினார்கள். அதோடு, வீட்டில் வைத்திருக்கக்கூடிய அவசர மருந்து தர முடியுமா என்றும் கேளுங்கள். தூர இடத்துப் பிள்ளைகள் சிலருக்குக் கொடுத்து, எப்படிப் பாவிப்பது என்று காட்டியும் விடுவார்கள்.

மருந்து தொடங்கிய பிறகு உடம்பில் தடிப்பு, கண் மஞ்சள், விடாத சத்தி, தூங்கி எழும்பாத சோர்வு வந்தால் அடுத்த திகதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

8. காசு

ஆஸ்பத்திரியில் டொக்டர், வாட், கிளினிக், இருக்கும் மருந்து எதற்கும் காசு இல்லை. செலவு வெளியில்தான். பஸ்ஸும் படகும் ஒரு ஆளுக்குப் போய்வர ஆயிரத்துக்குள் அடங்கும். மத்தியானச் சாப்பாடு, தேத்தண்ணி, பிள்ளை கேட்கும் ஐஸ்கிறீம் எல்லாம் சேரும். பெரிய செலவு எழுதப்படாத ஒன்று: கணவர் தொழிலுக்குப் போகாத நாள். நாங்கள் பிறகு முறை வைத்துக்கொண்டோம். பரிசோதனை நாளில் இருவரும், மருந்து எடுக்கும் நாளில் ஒருவர்.

ஆஸ்பத்திரி பார்மசியில் மருந்து இல்லை என்றால் வெளியில் வாங்கத் துண்டு தருவார்கள். முதலில் அரச ஒசுசலவில் விசாரியுங்கள், பிறகு மற்றக் கடைகள். துண்டின் படத்தை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

‘சனல் பண்ணினால் (தனியாரில் காசு கட்டி டொக்டரிடம் காட்டினால்) கெதியாக முடியும்’ என்று பலர் சொல்வார்கள். நாங்களும் ஒரு பின்னேரம் தனியாரில் சனல் பண்ணினோம். மூவாயிரத்துக்கு மேல் போனது. அவர் ஆறுதலாகப் பார்த்தார், பிறகு ‘இதைக் கிளினிக்குக்குக் கொண்டுவாங்கோ, எல்லாம் அங்கேயே செய்யலாம்’ என்று எங்களுக்குத் தெரிந்த அதே கிளினிக்குக்குத்தான் அனுப்பினார். அவரில் குறை இல்லை. இது மாதக்கணக்கில் இழுபடும் வருத்தம், ஒவ்வொரு தடவையும் காசு கட்டிச் சமாளிக்கிற வருத்தம் இல்லை. ஒரு தரம் சந்தேகம் தீர்க்கப் போகலாம், அவ்வளவுதான். போனால் அந்தத் துண்டையும் பைலில் வையுங்கள்.

கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினால் சிகிச்சை அங்கும் இலவசம். ஆனால் தங்குவதும் போய்வருவதும் சுமை. பெரிய செலவு வரும் சிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு இப்போது பிரதேச செயலகம் ஊடாகவே விண்ணப்பிக்கலாம். சிகிச்சைக்குக் காசைக் கட்டி முடித்த பிறகு போய் நிற்காமல், திகதி தந்தவுடனேயே போய் என்னென்ன கடிதம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

9. கிணறு, கடல், பள்ளிக்கூடம்

எங்கள் பக்கக் கிணறுகளின் கட்டு பிள்ளையின் இடுப்பளவுதான். வலிப்பு வரும் பிள்ளை தனியே கிணற்றடிக்குப் போகக் கூடாது. வாளியில் அள்ளிவைத்து, பெரியவர் ஒருவர் நின்று குளிக்கவார்க்க வேண்டும். கடலில் தனியே இறங்கவிடாதீர்கள். படகில் மிதப்பு அங்கியைப் போட்டுவிடுங்கள், பக்கத்தில் இருப்பவர் சிரித்தாலும் பரவாயில்லை. மரம் ஏறுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி அவன் ஓடலாம், பந்து அடிக்கலாம், சகோதரியோடு சண்டை பிடிக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் மறைக்காதீர்கள். வகுப்பு ரீச்சரிடம் ஒரு தாளில் முதலாம் படியில் உள்ளதை எழுதிக் கொடுத்து, நம் போன் நம்பரையும் எழுதினேன். ‘வாய்க்குள்ள ஒண்டும் வைக்க வேண்டாம்’ என்பதற்குக் கீழே கோடு போட்டேன். அந்த ரீச்சர் அதை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறா.

10. அடுத்த திகதி

ஒவ்வொரு தடவையும் கிளினிக்கை விட்டு வெளிக்கிடுமுன் கொப்பியைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: அடுத்த திகதி, மருந்தின் அளவு, அடுத்த தரம் ஏதாவது பரிசோதனை இருக்கிறதா. எழுத்து விளங்காவிட்டால் அங்கேயே கேளுங்கள். குறிகட்டுவானில் நின்று விளங்கவில்லை என்றால் அங்கே ஐஸ்கிறீம்காரர் ஒருவர்தான் இருப்பார்.

வர முடியாமல் போனால் அந்த வாரத்துக்குள்ளேயே உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொப்பியைக் காட்டி மருந்து தொடர வழி பாருங்கள். திகதி தவறியதற்கு ஏசுவார்களோ என்று பயந்து ஒரு தாய் மூன்று மாதம் மருந்தில்லாமல் பிள்ளையை வைத்திருந்ததை நான் அறிவேன். ஏச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மருந்து எவ்வளவு காலம் என்று எல்லோரும் கேட்பார்கள். எங்களுக்குச் சொன்னது: வலிப்பே வராமல் இரண்டு வருடம் போனால், அப்போது பார்த்து, மெதுமெதுவாகக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம். அவனுக்குக் கடைசியாக வந்து பதினாலு மாதம். கொப்பியில் கடைசி வரிக்குக் கீழே வெறும் பக்கங்கள். அடுத்த திகதி தையில், பொங்கல் கழிந்து வரும் செவ்வாய். காற்று விடும்போலத் தெரிந்தால் அன்று முதல் படகு, இல்லாவிட்டால் ஞாயிறே போய்ச் சித்தி வீட்டில் நிற்பதாக இருக்கிறோம்.